அம்மணி கணக்கில் ஏறாத பாயிண்டுகள்

1

ஒரே காலையில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவது, நான் தினமும் அலுவலகம் போகக் கார் அழைக்கும் செயலியிடமிருந்து. வண்ணக் காகிதங்கள் பறக்கும் படத்தோடு, "டொராண்டோவில் எங்களோடு மூன்று ஆண்டுகள், அம்மணி! நன்றி" என்று வாழ்த்தியிருந்தார்கள். இரண்டாவது விமான நிறுவனத்திடமிருந்து. "சண்முகசுந்தரம், உங்கள் உறுப்பினர் கணக்கில் நீண்ட நாட்களாக எந்தப் புதிய பாயிண்டும் சேரவில்லை. இருப்பவை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

இரண்டுமே எனக்கு வந்தவைதான். என் பெயர் நித்யா.

விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார் நிறுவனத்துக்கும் அந்த விமான நிறுவனத்துக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு கணக்குகளையும் ஒருமுறை இணைத்துவிட்டால், காரில் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் விமானக் கணக்கில் பாயிண்ட் ஏறும். விமான நிலையத்தில் போய் இறங்கினால் இரட்டிப்பு. சேர்ந்த பாயிண்டைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். நம் ஊரில் ஜவுளிக் கடையில் துணி எடுத்தால் பாத்திரக் கடைக்குக் கூப்பன் தருவார்களே, அந்த வகைதான். என்ன, இந்தக் கூப்பன் கையில் இருக்காது.

இங்கே வந்த முதல் வாரத்திலேயே இணைத்துவிட்டேன். என் அலுவலகம் நகரத்தின் ஓரத்தில், பெரிய கிடங்குகளுக்கு நடுவே இருக்கிறது. என் ஷிப்ட் நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் செலவில் ஒரு பகுதியை அலுவலகமே தருகிறது. எப்படியும் காரில் போகத்தான் வேண்டும், போகிற போக்கில் பாயிண்ட் சேரட்டுமே என்று நினைத்தேன். அதற்காக நான் செய்தவை:

ஒன்று, இதைவிட மலிவான இன்னொரு செயலியை எல்லாரும் சிபாரிசு செய்தும் தொடவில்லை.

இரண்டு, கூட வேலை செய்யும் பெண் தன் காரில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னபோது ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்தேன். அவள் இன்றுவரை என்னைத் திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

மூன்று, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் "பாயிண்ட் பெற்றீர்கள், விமானக் கணக்குக்கு அனுப்பப்படும்" என்று திரையில் வரும் பச்சை வரியைத் திருப்தியாகப் பார்த்தேன்.

அனுப்பத்தான் செய்திருக்கிறார்கள். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

மென்பொருள் சோதனை என் தொழில். ஒரு கணக்கிலிருந்து புறப்பட்டது இன்னொரு கணக்கில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அன்று அலுவலகத்தில் யாருடைய கணக்கையோ சோதித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த எரிச்சலை இங்கே விவரிக்கப் போவதில்லை.

2

அந்தப் பாயிண்டுகள் எதற்கு என்று சொல்ல வேண்டும். அண்ணனுக்குத் தை மாதத்தில் கல்யாணம்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக: எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவளைச் சேர்த்துவைத்துச் செய்யும் சீர். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் கையில் இருக்கும், மறுமுனை தங்கையிடம் இருக்கும். அன்றைக்கு அவளுக்கு இணைச்சீர்க்காரி என்று பெயர். உனக்கு மனைவி வரப்போகிறாள், ஆனாலும் இந்த வீட்டில் இவளுக்குள்ள இடம் அப்படியேதான் இருக்கிறது என்று சபையில் சொல்வதுதான் அதன் பொருள் என்பார்கள். சின்ன வயதில் நான் பொருளையெல்லாம் யோசித்ததில்லை. மணப்பெண்ணுக்கு அடுத்தபடி நல்ல சேலை இணைச்சீர்க்காரிக்குத்தான் என்பதை மட்டும் கவனித்து வைத்திருந்தேன்.

அண்ணனுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். தங்கைக்கு முடிக்காமல் அண்ணனுக்குச் செய்வதா என்று உறவில் ஒரு பேச்சு எழுந்தபோது, எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். அப்போது பெருந்தன்மையாக ஒன்று சொன்னேன். "டிக்கெட்டப் பத்திக் கவலப்படாதீங்க. பாயிண்ட் இருக்குது."

பொங்கலையொட்டி இந்தியாவுக்கு டிக்கெட் விலை எப்படி இருக்கும் என்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். என் சேமிப்போ, கோவை கணபதியில் அப்பாவின் பட்டறையில் புது லேத் இயந்திரமாக நின்றுகொண்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. பாயிண்ட் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தேன்.

3

அம்மணி என்ற பெயர் கார் செயலிக்குள் எப்படிப் போனது என்று தெரிய, சரவணம்பட்டிக் காலத்துக்குப் போக வேண்டும். படிப்பு முடித்ததும் அங்கே ஓர் ஐ.டி. பூங்காவில்தான் எனக்கு முதல் வேலை. கணபதி வீட்டிலிருந்து கொஞ்ச நாள் அண்ணன் பைக்கில் கொண்டுபோய் விட்டார். பிறகு பட்டறையில் ஆர்டர் கூடியதும், ஒரு காலையில் என் போனை வாங்கி இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தார். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"பேர் கேக்குது அம்மணி. என்ன போட?"

"எதையோ ஒண்ணு போடுங்கண்ணா. பேரப் பாத்துட்டா ஆட்டோ வருது? நேரமாச்சு."

"அப்ப அம்மணின்னே போட்டர்றேன்."

"போடுங்க."

அவ்வளவுதான் நடந்தது. வீட்டில் நான் அம்மணி. பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் மட்டும்தான் நித்யா. ஆனால் அம்மணி என்பது எங்கள் ஊரில் எந்தப் பெண்ணையும் பிரியமாகவோ மரியாதையாகவோ கூப்பிடும் சொல். பஸ்ஸில் கண்டக்டர் "சில்லற குடுங்க அம்மணி" என்று யாரிடமும் சொல்லலாம். அதனால் முதல் நாள் வந்த ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

"ஏனுங், அம்மணின்னு இருந்துச்சுங்களா, ஆரோ வயசான ஆத்தா வருவாங்கன்னு சீட்டெல்லாம் தொடச்சு வெச்சனுங்க."

"நானேதானுங்க அம்மணி."

"அட, தொடச்சது தொடச்சாச்சு. ஏறுங்க அம்மணி."

பாஸ்போர்ட்டில் ஏறிய பெயர் வேறொரு கதை. சான்றிதழ்களில் நான் எஸ். நித்யா. எஸ் முன்னால் வருகிறது, முன்னால் வருவது முதல் பெயர் என்று, முதல் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரை முழுதாக விரித்து எழுதி, கடைசிப் பெயர்க் கட்டத்தில் என் பெயரை எழுதினோம். நானும் அப்பாவும் உட்கார்ந்து இரண்டு முறை சரிபார்த்து எழுதியது அது. இனிஷியல் முன்னால் வருகிற ஊர்க்காரர்கள் மட்டுமே இவ்வளவு கவனமாகச் செய்யக்கூடிய தவறு.

அதன் பலனாக டொராண்டோவில் வங்கி, அலுவலகம், பல் மருத்துவர், எல்லாருக்கும் நான் சண்முகசுந்தரம். அது வாயில் நுழையாததால் ஷான். "ஷான், இந்தப் பிழையைப் பார்." "ஷான், மதியம் கூட்டம்." முதல் மாதம் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"இங்க எல்லாரும் உங்களத்தான் கூப்புடறாங்கப்பா. ஷான்னு."

"கூப்புட்டாக் கூப்புட்டுப் போறாங்க கண்ணு. நீ வேலைய ஒழுங்காச் செய்யி. என்ற பேரு கெட்டுறப் போகுது" என்றார்.

4

எனவே இந்த நகரத்தில் என்னை வீட்டுப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் கார் ஓட்டுநர்கள் மட்டும்தான். கோவையில் திறந்த கணக்கையே போன் எண்ணை மட்டும் மாற்றி இங்கே வைத்துக்கொண்டேன். பெயரைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பனியில் கார் வந்து நிற்கும். கண்ணாடி பாதி இறங்கும். யாரைக் கூட்டிப் போக வந்திருக்கிறோம் என்று ஓட்டுநர் கேட்டுச் சரிபார்ப்பது இங்கே வழக்கம். "அமானி?" என்பார் ஒருவர். "அம்மாணீ?" என்று இன்னொருவர் இழுப்பார். ஒரு பஞ்சாபிக்காரர் மட்டும் முதல் தடவையே துல்லியமாக "அம்மணி ஜி" என்றார். அதாவது மரியாதைக்கு மேல் ஒரு மரியாதை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வெகுநேரம் பேசாமல் ஓட்டிவிட்டு, கடைசி சிக்னலில் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, அம்மணி எண்டது உங்கட பேரோ? இல்லாட்டி, நாங்கள் மரியாதையாக் கூப்பிட வேணும் எண்டு நீங்களே போட்டதோ?"

"எங்க அண்ணன் போட்டதுங்க."

"அப்ப சரி. அண்ணன்மார் போட்டால் மாத்தேலாது."

என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் சத்தியமங்கலத்துக்காரி தேவி, கணவனோடும் மகளோடும் இருக்கிறாள். மகள் ஆத்யா இங்கேயே பிறந்தவள். ஒருநாள் தேவி, "அம்மணி, சாப்புட வா" என்று மகளைக் கூப்பிட, அந்தக் குழந்தை மாடிப்படியில் நின்றபடி, "அது என் பேர் இல்ல, கார்ல போற ஷான் ஆன்ட்டி பேரு" என்றது. நாங்கள் இருவரும் சிரித்தோம். தேவி முதலில் நிறுத்திவிட்டாள்.

"நீ பரவால்ல. காசு குடுத்தாவது உன்னக் கூப்புட ஆள் வெச்சிருக்கற" என்றாள்.

5

பாயிண்டுக்கு வருகிறேன். கார் நிறுவனத்தைக் கேட்டால், நாங்கள் அனுப்பிவிட்டோம், விமான நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். விமான நிறுவனத்தைக் கேட்டால், எங்களுக்கு வரவில்லை, கார் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் முதலில் பேசுவது இயந்திரம். அது என் பிரச்சினையை ஒரே வரியில் சொல்லச் சொல்லும், சொன்னால் புரியவில்லை என்று மன்னிப்புக் கேட்கும். கடைசியில் ஒரு மதியம், விமான நிறுவனத்தில் ஒரு மனிதர் கிடைத்தார். அவர் பொறுமையானவர். அதனால்தான் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. பொருளை அப்படியே தருகிறேன்.

"பயணங்கள் வந்திருக்கின்றன. ஆனால் அவை அம்மணி என்பவருடையவை. உங்கள் கணக்கு சண்முகசுந்தரம் நித்யா பெயரில் இருக்கிறது. ஒருவர் போன பயணத்தை இன்னொருவர் கணக்கில் ஏற்ற முடியாது."

"அம்மணி நான்தான்."

"புரிகிறது. அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு இல்லை. அது நான். எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாக அப்படிக் கூப்பிடுவார்கள்."

விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "அப்படியானால் அது பெயர் இல்லை, பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். ஆனால் எங்கள் பட்டியலில் அது இல்லையே. மிஸ், மிசஸ், டாக்டர், இவைதான் இருக்கின்றன."

"எல்லாருக்கும் அது மரியாதைச் சொல். என் வீட்டில் மட்டும் அது என் பெயர்."

"உங்கள் வீட்டில் அது உங்கள் பெயர் என்பதற்கு ஆவணம் ஏதாவது இருக்கிறதா?"

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், பாஸ்போர்ட், வேலை அனுமதி. ஒவ்வொன்றாக மனதுக்குள் புரட்டினேன். எதிலும் இல்லை.

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் அம்மணியே எங்களைத் தொடர்புகொண்டு சம்மதம் தெரிவிக்கலாம்."

"அவர் இப்போது உங்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்."

அவர் சிரிக்கவில்லை. அழைப்பு பதிவாகிறதல்லவா, சிரிக்கக் கூடாது போலிருக்கிறது. முடிவை நிதானமாகச் சொன்னார். போனவை போனவைதான். கார் செயலியில் பெயரை விமானக் கணக்கில் இருப்பது போலவே, அதே வரிசையில் மாற்றினால், இனிமேல் போகிற பயணங்களுக்குப் பாயிண்ட் ஏறும். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா, சண்முகசுந்தரம்?" என்று கேட்டு முடித்தார்.

இரண்டு நிறுவனங்கள் கைகோத்து விளம்பரம் செய்கின்றன. கணக்கை இணைக்கும்போது பெயர் ஒத்துப்போகிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஒரே ஒரு சோதனை. என் குழுவில் புதிதாகச் சேர்கிறவரே அதை முதல் நாளில் எழுதிவிடுவார். அதைச் செய்யாமல் விட்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் பச்சை வரியை மட்டும் தவறாமல் காட்டியிருக்கிறார்கள்.

6

வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா வந்தார். பின்னால் அண்ணன் பத்திரிகை உறைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். செயலியில் பெயர் அம்மணி என்று இருந்ததால் பாயிண்ட் இல்லை, டிக்கெட் கஷ்டம், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன்.

அம்மா திட்டுவார், இல்லாவிட்டால் அழுவார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத கண்ணு. அத்தன தொலைவுல இருந்துட்டு நீயும் என்ன பண்ணுவ. உங்க பெரியப்பன் மக சுதாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சிருக்கறேன். அவளும் அண்ணனுக்குத் தங்கச்சி மொறதான."

"எப்பச் சொன்னீங்க?"

"அது ஆச்சு, ஐப்பசிலயே."

ஐப்பசியில் எனக்கே பாயிண்ட் விஷயம் தெரியாது. அதாவது நான் வருவேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தபோதே, வீட்டில் எனக்குப் பதில் ஆள் பார்த்திருக்கிறார்கள்.

"ஜாக்கெட்டும் தெச்சுப்போட்டீங்களா?"

அம்மா திரையைவிட்டுப் பார்வையை விலக்கினார். "அளவு குடுத்திருக்குது."

விமான நிறுவனத்தோடு பேசியபோது வராத கோபம் அப்போது வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? கல்யாணம் என்றால் மாற்று ஏற்பாடு வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர், சமையல்காரர் வராவிட்டால் இன்னொரு சமையல்காரர். நானே திட்டம் போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன். என் தொழிலிலும் அதற்கு ஒரு பெயர் உண்டு. எதற்குப் பதிலாக எது என்ற அந்தப் பட்டியலில் நானும் ஒரு வரி என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணன் கேமராவுக்கு முன்னால் வந்தார். விரலெல்லாம் மஞ்சள்.

"பேர மாத்திப்போட வேண்டீதுதான அம்மணி? இதென்ன பெரிய காரியம்?"

"நீங்கதான அண்ணா போட்டீங்க."

"நான் கேட்டுட்டுத்தான போட்டேன். எதையோ ஒண்ணு போடுங்கன்னு சொன்னது ஆரு?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சுதா நிக்கட்டும், ஆரு வேணா நிக்கட்டும். கல்யாண வீட்டுல நாலு பேரு இருக்கறாங்க. எனக்கென்னமோ நீ வந்து சேந்தாத் தேவலை."

எங்கள் வீட்டில் அதுவே அதிகம்.

7

அன்றே பெயரை மாற்றினேன். முதல் பெயர் சண்முகசுந்தரம். கடைசிப் பெயர் நித்யா. ஓட்டுநருக்கு முதல் பெயர் மட்டும்தான் தெரியும். மறுநாள் போன பயணத்துக்கு விமானக் கணக்கில் பாயிண்ட் ஏறியது. இத்தனை சுலபமான ஒன்றுக்கு மூன்று ஆண்டுகள் வீணாயின என்று நினைத்தபோது, ஏறிய பாயிண்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கார் வந்து நின்றது. ஓட்டுநர் புதியவர். கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கி, "உங்கள் பெயர்?" என்று கேட்டார்.

"அம்மணி" என்றேன். வாய் பழகிவிட்டது.

"இல்லை. நான் வேறு ஒருவருக்கு வந்திருக்கிறேன்." கண்ணாடி மூடிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடியைத் தட்டி, "சண்முகசுந்தரம், நான்தான் சண்முகசுந்தரம்" என்றேன். ஒரு நிமிடத்தில் பெயரை மாற்றிச் சொல்லும் பெண்ணை யார் வண்டியில் ஏற்றுவார்கள்? அவர் தலையை ஆட்டிவிட்டு, பத்தடி முன்னால் போய் நிறுத்திக்கொண்டு, நிஜச் சண்முகசுந்தரம் வருவார் என்று காத்திருந்தார். நான் பனியில் சறுக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். நான் நெருங்கியதும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சற்று நேரத்தில் செயலியில் செய்தி வந்தது. "சண்முகசுந்தரம், நீங்கள் குறித்த இடத்துக்கு வராததால் பயணம் ரத்து செய்யப்பட்டது." வராததற்குக் கட்டணமும் பிடித்திருந்தார்கள். அதற்குப் பாயிண்ட் கிடையாது.

இதை எதிர்த்தும் புகார் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். என்ன எழுதுவது? என் பெயரைக் கேட்டார்கள், நான் என் பெயரைச் சொல்லிவிட்டேன் என்றா?

தேவியிடம் சொன்னபோது அவள், "ஏன்டி, உங்கப்பாருகிட்டயே சொல்லி வண்டி புடிக்கச் சொல்றதுதான? பேரு அவரோடதுதான?" என்று கேட்டு அரை மணி நேரம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய், "என்ன ஷான், பனியா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டினேன்.

8

பாயிண்டுக்கு ஒதுக்கும் இருக்கைகள் எப்போதாவதுதான் திறக்கும். தினமும் மதிய உணவின்போது பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பு நான் விமானத்தில் பறந்து சேர்த்த பழைய பாயிண்டுகள் கொஞ்சம் இருந்தன. பெயர் மாற்றிய பிறகு ஏறியவை கொஞ்சம். மார்கழிக் கடைசியில் ஒரு மதியம் ஓர் இருக்கை திறந்தது. இரண்டு இடத்தில் மாறி, சுற்றிச் சுற்றிப் போகும் மோசமான வழி. கல்யாணத்துக்கு முந்தின நாள் கோவையில் இறங்கும். என்னிடம் இருந்தது ஒருவழிக்கு மட்டுமே போதும்.

கையிலிருந்த சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டு டிக்கெட்டை எடுத்துவிட்டேன். திரும்புவதற்கான டிக்கெட் இன்னும் இல்லை. அதை யானை விலைக்குத் தவணையில்தான் வாங்க வேண்டியிருக்கும். மேலாளருக்கு இன்னும் திரும்பும் தேதி சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டார். இதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "போறதுக்கு மட்டுந்தான்மா டிக்கெட் எடுத்திருக்கறேன்."

"எங்க போறதுக்கு?"

"ஊருக்குத்தான்."

"அப்ப வாரதுக்குன்னு சொல்லு. நெஞ்சு திக்குன்னு ஆயிப்போச்சு" என்றார். பிறகு, "சுதாகிட்ட நீயே சொல்லிப்போடு. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார். மாற்று ஆளை ஏற்பாடு செய்தவர் அவர். விலக்கிவிட வேண்டியவள் நான்.

சுதா போனை எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "ஏம்மணி, என்ற சேலையப் புடுங்கிப்போட்டயாமா?"

"அதுக்குள்ள தெரிஞ்சு போச்சா உனக்கு?"

"உங்கம்மா போன வெச்ச கையோட எங்கம்மாகிட்டச் சொல்லியாச்சு. நீ வா. எனக்கென்ன, பந்திய வேடிக்க பாத்துட்டு ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். ஆனா ஜாக்கெட்டு எனக்குத்தான், அளவு என்றது. ஒனக்குப் போட்டாத் தோள்ல நிக்காது. நீ எளச்சுட்டேன்னு சின்னம்மா சொன்னாங்க."

"எளைக்கல."

"கேமராவுல அப்படித் தெரிஞ்சுதாமா."

கிளம்புகிற நாள் வந்தது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் செயலியைத் திறந்தேன். விமான நிலையப் பயணம், இரட்டிப்புப் பாயிண்ட் என்று மேலேயே விளம்பரம் ஓடியது. திரும்பி வருவதற்கு ஒவ்வொரு பாயிண்டும் உதவும். அது எனக்குத் தெரியும். பெயர் இருக்கும் இடத்துக்குப் போய், சண்முகசுந்தரத்தை அழித்து, அம்மணி என்று திரும்ப எழுதினேன். காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒன்று, இந்தக் காரைத் தவற விட முடியாது, கேட்டால் என் வாயில் என்ன பெயர் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டாவது காரணத்தை எழுத முயன்றேன். சரியாக வரவில்லை, விட்டுவிட்டேன்.

வழியனுப்பத் தேவியும் ஆத்யாவும் படியில் நின்றார்கள். கார் வந்தது. கண்ணாடி பாதி இறங்கியது.

"அமானி?"

"ஆமாங்க" என்றேன். அவருக்கு அது எந்த மொழி என்று தெரியாது. இறங்கி வந்து பெட்டியைத் தூக்கி வைத்தார். நான் தேவியிடம், "வாரேன்" என்றேன். ஆத்யா மட்டும் கையசைத்து, போகிறவளுக்குச் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் சொன்னாள்: "பை."

விமான நிலையத்தில் இறங்கியதும் போன் அதிர்ந்தது. வழக்கமான பச்சை வரி. "இரட்டிப்புப் பாயிண்ட் பெற்றீர்கள், அம்மணி. விமானக் கணக்குக்கு அனுப்பப்படும்."

அனுப்பட்டும் என்று பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.